பல மரம் கண்ட தச்சன்: ஹாபி நிறைய, எதிலும் லயிக்க முடியவில்லை

ஜூன் 9, இரவு 11.20 (கேள்வி)

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிட்டார், பென்சில் ஓவியம், கதை எழுதுவது, அப்புறம் கணினியில் சின்னதாக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். நான்குமே பிடிக்கும், ஆனால் நேரம் போவதே தெரியாமல் மூழ்கிப்போகிற அந்த 'ஃப்ளோ' எதிலும் வரவில்லை. ஒன்றை எடுத்தால் மற்ற மூன்றும் உறுத்துகின்றன. கிடைக்கிற அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் எதைச் செய்யலாம் என்ற யோசனையிலேயே போய்விடுகிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்றைத் தலைமுழுகிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழியா அண்ணா?

ஜூன் 10, காலை 6.50

வேண்டாம் தம்பி. எதையும் தலைமுழுக வேண்டாம். வகுப்புக்குக் கிளம்புகிறேன், மீதி இரவு.

ஜூன் 10, இரவு 10.15

இளங்கலை மூன்றாம் ஆண்டில் நீ கேட்டதை நான் செய்தே பார்த்திருக்கிறேன். ஓவியம் ஒன்று போதும் என்று கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். எட்டு மாதம். கிட்டாருக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் ஓவியத்துக்கு வரும் என்பது என் கணக்கு. வரவில்லை. அந்த நேரம் கைபேசிக்குப் போனது. முன்பெல்லாம் வரைந்து சலித்தால் நாலு பாட்டு வாசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன். கிட்டார் மேலே ஏறியதும், சலித்த நாள் சலித்த நாளாகவே முடிந்தது. அந்த எட்டு மாதத்தில் முடித்த ஓவியங்கள் அதற்கு முந்தைய எட்டு மாதத்தைவிடக் குறைவு. உறையைத் திறந்தபோது தந்திகளில் துரு. விரல் நுனியில் இருந்த காய்ப்பும் போயிருந்தது. அது திரும்ப ஏறும்வரை மூன்று வாரம் எரிச்சலோடு வாசித்தேன்.

அடுத்து நேர அட்டவணை. திங்கள் கிட்டார், செவ்வாய் ஓவியம், புதன் கதை, வியாழன் விளையாட்டு. நான்கு நிறத்தில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமை வந்தால் கதை எழுதியே ஆக வேண்டும், மனம் மட்டும் செவ்வாய்க்கிழமை ஓவியத்தில் கிடக்கும். ஒரு நாள் தவறினால் முழு அட்டவணையும் பொய்யாகிவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் கிழித்துவிட்டேன். 21 நாள் தாங்கியிருந்தால் பழக்கமாகியிருக்கும், இன்னும் சில நாள் இருக்கும்போது விட்டுவிட்டோமே என்று ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

ஜூன் 11, மதியம் 1.30

21 நாள் என்று நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடமிருந்து வந்தது. அறுவைக்குப் பின் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோய், எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும் என்றாகிவிட்டது.

இதை அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும். 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக 66 நாள் என்பது நடுக்கணக்கு. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது அதிலேயே இருந்த இன்னொரு செய்தி: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழகும் வேகம் பெரிதாகக் கெடவில்லை. ஒரு புதன்கிழமை தவறியதற்காக நான் அட்டவணையைக் கிழித்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கிழித்ததில் வருத்தமில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

ஜூன் 13, இரவு 9.40

நீ 'ஃப்ளோ' என்று கேட்பதை நான் லயிப்பு என்றே சொல்கிறேன், அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை ஆராய்ச்சியாகச் செய்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர். 1960களில் ஓவியர்களைக் கவனித்தபோதுதான் அவருக்கு இந்தக் கேள்வி வந்தது. வரையும்போது பசி, களைப்பு தெரியாமல் கிடப்பார்கள். முடிந்ததும் அந்தப் படத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். படம் வேண்டும் என்பதற்காக வரையவில்லையென்றால் எதற்காக வரைகிறார்கள்? அங்கே ஆரம்பித்துப் பல துறை ஆட்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன நிபந்தனைகளில் முக்கியமானவை மூன்று. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கடினம் கூடினால் பதற்றம், திறமை கூடினால் சலிப்பு.

இந்த மூன்றில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள். உன் இருபது நிமிட யோசனை என்னவென்றால், 'அடுத்து என்ன' தெரியாத நான்கு வேலைகளின் வாசலில் மாறி மாறி நிற்பது. நான்கு இருப்பது பிரச்சினை இல்லை. நான்கிலும் அடுத்த அடி எழுதப்படாமல் கிடக்கிறது. என் அட்டவணையும் 'புதன், கதை' என்று மட்டும்தான் சொன்னது. கதையில் எது? எந்தப் பத்தி? அது சொல்லவே இல்லை.

ஜூன் 13, இரவு 10.25

தச்சன் பழமொழிக்கு ஒரு பதில். அதே சிக்சென்ட்மிஹாயியும் ஜேக்கப் கெட்செல்ஸ் என்பவரும் சிகாகோவில் 31 ஓவிய மாணவர்களிடம் 27 பொருள்களைக் கொடுத்து, வேண்டியதை எடுத்து அடுக்கி ஓர் அசையாப் பொருள் ஓவியம் வரையச் சொன்னார்கள். சிலர் இரண்டு மூன்று பொருளைச் சட்டென்று எடுத்து வைத்து வரைய ஆரம்பித்தார்கள். சிலர் பல பொருள்களை எடுத்தார்கள், உருட்டினார்கள், திருப்பினார்கள், அடுக்கியதைக் கலைத்தார்கள், வரைய ஆரம்பித்த பிறகும் மாற்றினார்கள். யார் வரைந்தது என்று தெரியாமல் படங்களைப் பார்த்த நடுவர்கள், இரண்டாவது வகையினரின் படங்களில்தான் புதுமை அதிகம் என்றார்கள்.

ஆக, பல மரம் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த மாணவர்கள் எல்லாருமே கடைசியில் பென்சிலை எடுத்தார்கள் என்பதையும் வீட்டில் சேர்த்துச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

ஜூன் 16, இரவு 11.50

இதுதான் நான் சொல்ல வந்தது. நிதானமாக எழுதுகிறேன்.

ஓர் இரவு என் இடக்கையைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் மடிகிற இடம் இருக்கிறதே, அது வரவே இல்லை. கோடு போட்டால் வெட்டுக்காயம் மாதிரி தெரிகிறது. போடாவிட்டால் கட்டைவிரல் தனியாகத் தொங்குகிறது. மூன்று முறை அழித்ததில் அந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பிவிட்டது. நள்ளிரவு தாண்டியாயிற்று, மறுநாள் உள்தேர்வு. எழுந்திருக்கும்போது தாளின் ஓரத்தில் எனக்கு நானே கிறுக்கினேன்: "மடிப்பைக் கோடாகப் போடாதே. மணிக்கட்டுப் பக்கத்து நிழலை முதலில் போடு, 4பி பென்சிலைப் படுக்க வைத்து. மடிப்பு தானாகத் தெரியும்."

நான்கு நாள் கழித்துத் தாளை எடுத்தேன். அந்த இரண்டு மூன்று வரியைப் படித்து முடிப்பதற்குள் கை பென்சில் டப்பாவுக்குள் போய்விட்டது. எதை வரையலாம், இன்று வரையத்தான் வேண்டுமா, கதை எழுதலாமா, எந்த யோசனையும் எழவில்லை. நிழல் விழுந்தது, மடிப்பு வந்தது, அங்கிருந்து உள்ளங்கை ரேகைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

அதற்கு முன் லயிப்பு என்பது நல்ல மனநிலை, நல்ல வெளிச்சம், நீண்ட விடுமுறை எல்லாம் கூடி வந்தால் கிடைப்பது என்று நம்பியிருந்தேன். அன்று அது கிடைத்தது நான்கு நாளைக்கு முன் எழுந்து போனபோது எழுதிய வரிகளால். அன்றிலிருந்து எந்த நேரத்தில் உட்காருவது என்பதைவிட, எந்த இடத்தில் விட்டு எழுந்திருப்பது என்பதில்தான் கவனம்.

ஜூன் 17, காலை 7.10

மேலே ஒன்று விட்டுப்போனது. மனம் பழைய வேலையிலேயே கிடப்பதற்கு 'கவன எச்சம்' (attention residue) என்று ஆராய்ச்சிப் பெயர்கூட உண்டு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓவியத்தை விட்டுக் கதைக்கு வந்தபோது என் மனம் செவ்வாய்க்கிழமையிலேயே கிடந்தது இதனால்தான். 2018இல் அவரும் தெரேசா குளோம்பும் சேர்ந்து அதற்கு மருந்தும் சொன்னார்கள். வேலையை விட்டு எழும் முன் ஒரு நிமிடம், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்தால் முதலில் என்ன செய்வேன் என்று எழுதி வைத்தவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாக நின்றது.

அதாவது தாளோரத்தில் கிறுக்கிய அந்தக் குறிப்பு (இனி இதைச் சீட்டு என்கிறேன்) ஓவியத்துக்குத் திரும்ப மட்டும் உதவவில்லை. நடுவில் எழுதிய உள்தேர்விலும் கை வரைபடம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. எழுதி வைத்தாயிற்று, இனி அதை மண்டையில் சுமக்க வேண்டாம் என்று மனம் விட்டுவிட்டது போல.

ஜூன் 19, மாலை 5.00

"ஓவியத்துக்குச் சரி. மற்ற மூன்றுக்கும் எப்படி?" என்று கேட்டிருக்கிறாய்.

கதைக்கு: வாக்கியத்தின் பாதியில் நிறுத்துகிறேன். முழுப் பத்தியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெள்ளைத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். "அவள் கதவைத் திறந்ததும்" என்று விட்டுவிட்டுப் போனால், திறந்ததும் என்ன பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், எழுதிவிட வேண்டும் என்ற நமைச்சல் மறுநாள் வரை இருக்கும்.

விளையாட்டுக்கு: நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழை வரியை விட்டு வைக்கிறேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அதுவே சொல்லும். பிழை வரியிலேயே தமிழில் எழுதி வைப்பேன்: "குதித்து இறங்கும்போது தரைக்குள் புதைகிறான், உயரத்தைச் சரிபார்". இதைவிடச் சுலபமாக வேலைக்குள் நுழைய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிட்டாருக்குத்தான் ரொம்ப நாள் தெரியாமல் தவித்தேன். இசையில் பாதியில் விட்டது எங்கும் பதிவாவதில்லை, காற்றோடு போய்விடுகிறது. இப்போது ஒரு துண்டுத்தாளைத் தந்திகளுக்கு நடுவே செருகிவிட்டு எழுந்திருக்கிறேன். இப்போது அதில் இருப்பது: "இரண்டாவது வரி. சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும் இடம் மட்டும். மெட்ரோனோம் 60." (சி, எஃப் என்பவை கார்டுகள், பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது. மெட்ரோனோம் தாளம் தட்டும் கருவி, 60 என்றால் நிமிடத்துக்கு 60 தட்டு.) தாளை எடுக்காமல் வாசிக்க முடியாது, எடுத்தால் படிக்காமல் இருக்க முடியாது.

அப்புறம், கிட்டார் உறைக்குள் இருக்கக் கூடாது. ஜிப்பைத் திறப்பதும் சுருதி சேர்ப்பதும் சேர்ந்து ஐந்து நிமிடம். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தே எடுக்கத் தோன்றாது. ஸ்டாண்டில் நிறுத்தி வை. ஸ்கெட்ச் புத்தகமும் மூடியிருக்க வேண்டாம்.

ஜூன் 20, இரவு 9.15

25 நிமிட டைமர் (25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை) பற்றிக் கேட்டாய். பொமோடோரோ முறையை உருவாக்கிய பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் பிற்பகுதியில் கல்லூரி மாணவராக இருந்தபோது படிப்பில் மனம் நிற்காமல் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்துத் தொடங்கியது அது. நம்மைப் போன்ற மாணவன் கண்டுபிடித்தது என்பதால் எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. பாடம் படிக்க நன்றாக உதவுகிறது. வரையும்போது வேண்டாம். லயித்த இருபத்தைந்தாவது நிமிடத்தில் மணி அடித்தால் அழுகையே வரும்.

ஜூன் 24, இரவு 10.30

"சீட்டு எழுதினேன். உடனே உட்கார முடிந்தது. ஆனால் எஃப் கார்டோடு நாற்பது நிமிடம் போராடினேன், லயிப்பு எதுவும் வரவில்லை, வலிதான் வந்தது."

நல்லவேளை இதைச் சொன்னாய். முன்னால் எழுதியதில் நான் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்பியிருக்கிறேன். லயித்துச் செய்வது ஒன்று, திறமையை உயர்த்தப் பயில்வது இன்னொன்று. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்வில், முன்னேற்றத்துக்கு மிக முக்கியம் தனியாக உட்கார்ந்து பயில்வதே என்று மாணவர்கள் சொன்னார்கள். இன்பமானது எது என்று கேட்டபோது அதை அந்த அளவு உயரத்தில் வைக்கவில்லை. குறையைத் தேடித் தேடிச் சரிசெய்கிற வேலை அது. மிகச் சிறந்த மாணவர்கள்கூட நாளுக்குச் சுமார் 4 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அதையும் இடையிடையே ஓய்வெடுத்துப் பிரித்துச் செய்தார்கள். முழுநேர இசை மாணவர்களே அப்படியென்றால் நீ எஃப் கார்டோடு நாற்பது நிமிடம் இருக்கலாமா?

எஃப் கார்டில் ஆள்காட்டி விரலை நேராகப் படுக்க வைத்து அழுத்துகிறாய் என்று நினைக்கிறேன். சற்றே உருட்டி, விரலின் எலும்புப் பக்கம் தந்திகளில் படும்படி வை. கட்டத்தின் நடுவில் வைக்காமல் ஃப்ரெட் கம்பியை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டி வை. பத்து நிமிடம் போதும், அதற்குப் பிறகு உனக்கு நன்றாக வருகிற பாட்டு ஒன்றை முழுதாக வாசி. லயிப்பு அந்தப் பாட்டில் வரும். பத்து நிமிட வலி, இருபது நிமிடப் பாட்டு, இதுதான் என் விகிதம். ஓவியத்தில் எனக்கு இது தலைகீழ்: கடினமான இடத்தில்தான் லயிக்கிறேன், ஏனென்றால் அங்கே கை ஓரளவு பழகியிருக்கிறது. கடினமும் திறமையும் ஒரே உயரம் என்று 13ஆம் தேதி எழுதியது இதுதான், அன்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 2, இரவு 8.00

செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். நான்கிலும் நல்ல சீட்டாக எழுதி வைத்துவிட்டு மூன்று வாரம் தொடாதே. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் போரோடினை நினைத்துக்கொள். தொழிலால் வேதியியல் பேராசிரியர், ஆய்வகமும் மாணவர்களும்தான் அவர் முழுநேரம். விடுமுறையிலும் உடம்பு சரியில்லாமல் வீட்டில் கிடக்கும்போதும்தான் இசை எழுதினார். அதனால் இசை நண்பர்கள் தனக்கு ஆரோக்கியத்தை வாழ்த்தாமல் நோயை வாழ்த்துகிறார்கள் என்று கடிதத்தில் வேடிக்கையாக எழுதினாராம். 1869இல் தொடங்கிய ஒரு ஓபராவை (இசை நாடகம்) விட்டு விட்டு எழுதிக்கொண்டே போய், 1887இல் இறந்தபோது முடிக்காமலே விட்டுப்போனார். ரிம்ஸ்கி கோர்சகோவ், கிளாசுனோவ் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் அதை நிறைவு செய்தார்கள், இன்றும் அரங்கேறுகிறது. பதினெட்டு வருடம் ஒரு மனிதர் இடையிடையே திரும்பி வந்துகொண்டே இருந்திருக்கிறார். உனக்கு மூன்று வாரம்.

ஜூலை 29, இரவு 11.05

முதல் நாள் 'எதையும் தலைமுழுக வேண்டாம்' என்று அடித்துச் சொன்னேன். அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஐந்தாவதாக ஒன்று இருந்தது, புகைப்படம். பழைய கேமரா. அதன் பையில் ஒரு சீட்டு: "மாலை வெயிலில் சன்னல் கம்பி நிழல், தரையில் விழும் நேரம் பார்." நேற்று வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. எழுதி ஏழு மாதம். படித்தேன், கை கேமராவுக்குப் போகவில்லை. நிழல் எப்படி விழும் என்று யோசித்தபோது அதைப் பென்சிலால் வரையத்தான் தோன்றியது. வருத்தமும் இல்லை. கேமராவை ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்த சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிய கையோடு என் காதை மட்டும் பெரிதாக ஒரு படம் எடுத்தாள்.

ஆகவே ஒன்றை விடுவதா வேண்டாமா என்று இப்போது முடிவெடுக்காதே. சீட்டை எழுதி வை. சில மாதம் கழித்துப் படித்தால் கையே பதில் சொல்லும்.

ஜூலை 30, காலை 6.40

தேர்வு முடிந்து முதலில் எதை எடுத்தாய் என்று நான் கேட்கவே இல்லையே. எடுத்ததும் எழுது.

ஆகஸ்ட் 3, இரவு 9.20

"கதை. 'பேருந்து கிளம்பிய பிறகுதான்' என்று நிறுத்தியிருந்தேன் அண்ணா. ஏழு பக்கம் போய்விட்டது. ஓவியத்தின் சீட்டில் என்ன எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை, 'மூக்கு, அந்தப் பக்கம்' என்று மட்டும் இருக்கிறது."

ஏழு பக்கம்! படித்துக் காட்டு. மூக்குக்கு: எழுதும்போது அந்தச் சீட்டைப் படிக்கப் போகிறவன் எல்லாவற்றையும் மறந்துவிட்ட வேறொரு ஆள் என்று நினைத்து எழுது. எந்தப் பக்கம், எந்தப் பென்சில், முதல் கோடு எங்கே. படத்தை எடுத்து அனுப்பு, மூக்கை நாளைக்குச் சேர்ந்து பார்க்கலாம். இப்போது கிட்டாரில் ஒரு தாள் செருகியிருக்கிறது, மெட்ரோனோம் 72க்கு வந்திருக்கிறேன்.